அண்ணாமலையார் பேரில் பதினெட்டு வருஷம்

மலை உச்சியில் ஈசன் ஜோதியாக எழுந்தருள, ஒரு தொழிலாளிக்கு ஆன செலவு பதினான்கு ரூபாய். இது 1986-ஆம் வருஷத்து விலை, கால் கிலோ நெய்க்கு. ஜோதிக்கு விலை உண்டா என்று நெகிழ்கிறவர்கள் நெய்க் காணிக்கைக் கவுன்டர் பக்கம் போகாதவர்கள். சக்கரபாணி போனவர். போனதோடு நிற்காமல், "இருநூறு பேருக்கு மொத்தமா எடுக்கறோம், பன்னெண்டு ரூபாய்க்குப் பாருங்களேன்" என்று பேரமும் பேசிப் பார்த்தவர். கவுன்டரில் இருந்தவர் மூக்குக் கண்ணாடிக்கு மேலே கண்ணை எடுத்துப் பார்த்தார். "மலைய வேணா ரெண்டடி கம்மி பண்ணச் சொல்லட்டுமா?" என்றார். வாழ்க்கையில் தன்னைப் பேரத்தில் ஜெயித்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம் என்று சொல்லும் சக்கரபாணி, முதல் விரலை இன்றைக்கும் அந்த மனுஷனுக்குத்தான் மடக்குவார்.

பேரம் அவருக்கு ரத்தத்தில் வந்தது. அப்பாவுக்குக் கீழ்பென்னாத்தூரில் வேர்க்கடலை கமிஷன் மண்டி. மூட்டை வருவதற்கு முன்பே விலை வந்துவிடும், விலை படிவதற்கு முன்பே சண்டை வந்துவிடும், சண்டை முடிந்ததும் டீ வரும். அந்த மண்டி நொடித்த பிறகு, கையெழுத்து நன்றாக இருந்த ஒரே தகுதியில் ஊருக்கு வெளியே இருந்த டைனமோ கம்பெனியில் டைம் ஆபீஸ் கிளார்க்காகச் சேர்ந்தார். சைக்கிள் சக்கரத்தில் உரசி விளக்கெரிக்கும் டைனமோ. ஜில்லாவில் பாதி சைக்கிள் அந்த வெளிச்சத்தில்தான் வீடு திரும்பிக்கொண்டிருந்தது.

கார்த்திகைக்குப் பத்து நாள் முன்னால் சக்கரபாணி வசூலுக்குக் கிளம்புவார். தலைக்குக் கால் கிலோ நெய். மொத்தமாக ஒரே ரசீது வாங்கிவிடலாம்தான். ஆனால் மண்டியில் வளர்ந்தவர். தனி ரசீது இல்லாமல் காசு கைமாறினால் அவருக்குச் சோறு இறங்காது. கவுன்டரில் இருநூறு ரசீது எழுத வைத்து, எழுதுகிறவருக்கு ரெண்டு காப்பி வாங்கிக் கொடுத்து, எந்த ரசீது யாருக்கு என்று குழம்பாமல் இருக்க ஒவ்வொன்றிலும் கம்பெனி பெயரையும் ஆளின் டோக்கன் நம்பரையும் குறிக்கச் சொல்லி, ரசீது எண்களை அப்பாவின் மண்டியில் மிஞ்சிய சிவப்புத் துணி அட்டை போட்ட நீளக் கணக்கு நோட்டில் ஏற்றிவிடுவார்.

ரசீதில் பெயர்தான் விஷயம். ஒருத்தனும் தன் பெயரில் போட மாட்டான். தனக்காக சாமியிடம் கேட்பதில் நம் ஆட்களுக்கு ஒரு கூச்சம். பெண்டாட்டி பெயரில் போடுவான், பிறந்த குழந்தை பெயரில் போடுவான், படிப்பு ஏறாத மகன் பெயரில் போடுவான். சக்கரபாணி இதிலும் ஒரு படி மேலே போய் யோசித்தார். எல்லாரும் கேட்கிற வரிசையில் நிற்கிறார்கள். நாம் அண்ணாமலையார் பெயரிலேயே போட்டால்? கொடுத்தவர் நாம், வாங்கினவர் அவர், பேரும் அவருடையது. ஆக, அவர் நமக்குக் கடன்காரர். அவசரம் என்று வரும்போது கேட்டுக்கொள்ளலாம். 1986-இல் தொடங்கி, கம்பெனி மூடுகிறவரை பதினெட்டுக் கார்த்திகை இப்படியே சாமியைக் கடனில் தள்ளிக்கொண்டு வந்தார்.

அதே வருஷம்தான் கம்பெனி தன் சொந்தப் பென்ஷன் டிரஸ்டையும் ஆரம்பித்தது. மாதச் சம்பளத்தில் கொஞ்சம் பிடித்துக்கொள்வார்கள், ஓய்வு பெற்றதும் மாதாமாதம் வரும். சர்க்கார் அனுமதி நம்பர் போட்ட படிவம். கையெழுத்து வாங்கும் வேலை டைம் ஆபீசுக்கு வந்தது. தொழிலாளிகள் தயங்கினார்கள். கையில் வருகிற காசைவிட உசத்தி எது? சக்கரபாணி ஒவ்வொரு பட்டறையாகப் போய்ப் பேசினார். "வயசான காலத்துல மருமவ கையப் பாக்காம இருக்கணுமா இல்லியா? போடுய்யா கையெழுத்த." இருநூற்றுப் பதினோரு பேர் போட்டார்கள். அவர் வாழ்க்கையில் முடித்த மிகப் பெரிய வியாபாரம் அதுதான்.

2004-இல் கம்பெனி பூட்டிக்கொண்டது. டிரஸ்டின் பீரோவைத் திறந்தால் பணத்துக்குப் பதிலாக முதலாளியின் மற்ற கம்பெனிகள் எழுதிக் கொடுத்த கடன் பத்திரங்கள் இருந்தன. அந்தக் கம்பெனிகளும் அதற்குள் இல்லை. கம்பெனியிலிருந்த இரும்பு பீரோக்களையெல்லாம் காகிதத்தோடு சேர்த்துப் பழைய இரும்புக்காரர் ஏலம் எடுத்தார். மூன்று மாதம் கழித்துப் பஸ் ஸ்டாண்டில் அவித்த வேர்க்கடலை வாங்கின சக்கரபாணி, பொட்டலத்தைப் பிரித்தபோது உள்ளே தன் கையெழுத்தைப் பார்த்தார். வருகைப் பதிவேட்டின் ஒரு பக்கம். கடலையைச் சாப்பிடவில்லை.

அதற்குப் பிறகு நடந்தது இருபது வருஷத்துப் போராட்டம். தலைமை வேடியப்பன். பிரஸ் ஷாப்பில் இருபது வருஷம் நின்று பாதிக் காதை மிஷினிடம் விட்டுவிட்டு வந்தவர். அதனால் பேசுவதெல்லாம் கோஷம் போடுகிற சத்தத்தில்தான். திங்கட்கிழமை தோறும் கலெக்டர் ஆபீஸ் குறைதீர்ப்பு நாளில் மனு. எழுதுவது சக்கரபாணி, கத்துவது வேடியப்பன். "டிரஸ்டுக்கு அனுமதி குடுத்தது கவர்மென்ட்டு. வருஷா வருஷம் கணக்க வாங்கிப் பாக்க வேண்டியதும் கவர்மென்ட்டு. பாக்கல. அப்ப நஷ்டத்த யாரு ஏத்துக்கணும்?" மனுவை வாங்கும் அதிகாரிகள் மாறினார்கள், கலெக்டர்கள் மாறினார்கள், ஆட்சி மாறியது. மனு மாறவில்லை, தேதி மட்டும் மாறும். வரிசையில் நின்றவர்களில் எண்பத்து நான்கு பேர் செத்துப்போனார்கள். அவர்கள் இடத்தில் பெண்டாட்டிகள் வந்து நின்றார்கள்.

போன தை மாதம் உத்தரவு வந்தது. வேலை பார்த்த ஒவ்வொரு வருஷத்துக்கும் ஆறாயிரம் ரூபாய், ஒரே தடவையாக. வேடியப்பன் ரோட்டில் உட்கார்ந்து அழுதார். சக்கரபாணி உத்தரவின் அடுத்த பக்கத்தைப் புரட்டினார். பேரத்தில் பாக்கி எப்போதும் அடுத்த பக்கத்தில்தான் இருக்கும். 'அந்தந்த வருஷத்துத் தேதியிட்ட, சம்பந்தமில்லாத மூன்றாம் நபரால் வழங்கப்பட்ட ஆவணம்' வேண்டுமாம். அறுபது நாளில்.

சம்பளச் சீட்டு யாரிடம் இருக்கிறது? 2015 மழையில் போனது, கரையான் தின்றது, அடுப்புக்குப் போனது. நாற்பது நாள் அலைந்து ஏழே ஏழு பேருக்குத்தான் ஏதோ தேறியது. சக்கரபாணிக்கு ராத்தூக்கம் போயிற்று. இருநூற்றுப் பதினோரு கையெழுத்தும் அவர் வாங்கினது. அதை வாங்கின வாயால் இப்போது போய் "ஒண்ணும் ஆவலைய்யா" என்று சொல்ல வேண்டும்.

நாற்பத்தோராவது நாள் காலையில் ஜோதியம்மாள் வந்தாள். டோக்கன் 114, அசெம்பிளி கோதண்டராமனின் மனைவி. அவர் போய்ப் பதின்மூன்று வருஷம் ஆகிறது. ரமணாசிரமம் பக்கம் ஒரு விடுதியில் ரூம் பெருக்கித் துணி மாற்றுகிற வேலை அவளுக்கு. கக்கத்தில் கண்ணாடி உடைந்த சாமி படம்.

"எலி தள்ளி உட்டுடுச்சிண்ணா," என்றாள். "கண்ணாடி மாத்தலாம்னு பின்னாடி அட்டையப் பிரிச்சேன். பாருங்க."

அட்டைக்கும் படத்துக்கும் நடுவே பழுப்பேறிய சிறு காகிதங்கள், வரிசையாக, பதினேழு. நெய் ரசீதுகள். ஒவ்வொன்றிலும் தேதி, ஜோதியம்மாள் என்ற பெயர், டைனமோ கம்பெனி, டோக்கன் 114.

"சாமி பேரு போட்ட காயிதம், குப்பையில போடக் கூடாதுன்னு அவருதான் சொருவி வெப்பாரு. இது ஆவுமாண்ணா?"

சக்கரபாணி ரசீதுகளை ஒருமுறை எண்ணினார். பரண்மேல் ஏறிச் சிவப்பு நோட்டை இறக்கிக்கொண்டு வந்து மறுபடியும் எண்ணினார். பிறகு ஜோதியம்மாளைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். அவள் பயந்துபோனாள். "என்னாண்ணா, ஒடம்பு சரியில்லியா?"

அந்த வாரம் ஊரிலும் சுற்றுப்பட்டிலும் இருநூறு வீட்டில் சாமி படங்கள் கவிழ்ந்து கிடந்தன. வேடியப்பன் போனிலேயே ஊரைக் கூட்டினார். போன் இல்லாமலும் கேட்டிருக்கும். சம்பளச் சீட்டை அடுப்பில் போட்டவன்கூட நெய் ரசீதைப் போடவில்லை. படத்துக்குப் பின்னால், அரிசிப் பானைக்கு அடியில், மஞ்சள் துணி முடிச்சுக்குள், கல்யாணப் பத்திரிகை உறைக்குள் என்று கிளம்பி வந்தன. எட்டுக் குடும்பம் எங்கே போனதென்றே தெரியவில்லை. இருநூற்று மூன்று பேருக்குத் தேறியது.

விசாரணை அதிகாரி அறிவுமதி. முப்பது வயதிருக்கும், தனி தாசில்தார். ரசீதுக் கட்டுகளையும் நோட்டையும் மேஜையில் பரப்பி இரண்டு நாள் பார்த்தாள். மூன்றாம் நாள் சக்கரபாணியையும் வேடியப்பனையும் ஜோதியம்மாளையும் கூப்பிட்டாள்.

"ஐயா, ரசீதெல்லாம் அசல்தான். சந்தேகமில்ல. ஆனா ஒண்ணுல கூட வேலை செஞ்சவங்க பேர் இல்லியே. டோக்கன் முப்பத்தொண்ணு, பேரு 'பாப்பா'. யாரு இது?"

"அன்னிக்கு இன்னும் பேர் வெக்கலீங்க," என்றார் சக்கரபாணி. "இன்னிக்கு அந்தப் பாப்பாவுக்கே ரெண்டு பசங்க."

"டோக்கன் எண்பத்தாறு, தருமன். 1994-ல 'லட்சுமி'. சம்சாரமா?"

"மாடுங்க. அந்த வருஷம் பால் வத்திப்போச்சு."

அறிவுமதி உதட்டைக் கடித்துக்கொண்டாள். "ரேஷன் கார்டுல இருக்குதா?"

"அந்தளவுக்கு இன்னும் போவலீங்க."

"சிரிக்கற விஷயமில்லீங்க ஐயா. வேற யாரோ பேர்ல இருக்கற ரசீத வெச்சி நான் எப்படிப் பணம் சாங்ஷன் பண்றது?"

வேடியப்பனுக்குக் கடைசி வாக்கியம் மட்டும் காதில் விழுந்தது. கோஷத்துக்கு வாயைத் திறந்தார். அதற்குள் ஜோதியம்மாள் எழுந்துவிட்டாள்.

"வேற யாரோ இல்லம்மா. நான்தான். பதினேழு வருஷமும் எம்பேர்லதான் போட்டிருக்காரு. ஒரு வருஷம் கூடத் தனக்குன்னு போட்டுக்கல. அவரு பேர்ல இருந்தா, செத்தவரு வந்து வாங்குவாரா? இப்ப நான் வந்து நிக்கிறேன். எங்கையில ஆதார் இருக்குது, கார்டு இருக்குது. அவரு சம்சாரம்னு அதுல போட்டிருக்குது. டோக்கன் அவரோடது, பேரு என்னோடது. இதுக்கு மேல என்னா வேணும்?"

அறிவுமதி ஜோதியம்மாளின் குடும்ப அட்டையை வாங்கி ரசீதின் பக்கத்தில் வைத்தாள். அடுத்த கட்டை எடுத்தாள். பெண்டாட்டி, மகன், மகள், மாமியார். யாருக்குப் பதிலாக யார் வந்து நிற்கப்போகிறார்கள் என்பதை அவர்கள் இத்தனை வருஷமாகச் சாமியிடம் முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருந்த மாதிரி இருந்தது.

"சரி," என்றாள். "டோக்கனுக்கும் ஆளுக்கும் தொடர்பு இந்த நோட்டுதான். இத எழுதினவர் நீங்க." பக்கங்களைப் புரட்டியவள் நின்றாள். "எல்லா வருஷமும் கடைசி வரில 'அண்ணாமலையார்'னு இருக்கு. டோக்கன் நம்பர் இல்ல. இவர் எந்த செக்‌ஷன்?"

சக்கரபாணி தொண்டையைச் செருமினார். "அது நான் குடுத்ததுங்க. சாமி பேர்ல."

"உங்க பேர் எங்கயுமே இல்லியே?"

"இல்லீங்க."

அறிவுமதி நோட்டை மூடி அதன் மேல் கையை வைத்தாள். பேசும்போது குரல் இறங்கியிருந்தது. "நேத்து இந்த நோட்ட நம்பலாமான்னு மேலிடத்துல கேட்டாங்க. எழுதினவருக்கு இதுல ஒரு வரி கூட லாபம் இல்லன்னு சொன்னேன். அதனாலதான் ஒத்துக்கிட்டாங்க. உங்க மனுவும் இதே ஃபைல்ல இருக்குது ஐயா. பதினெட்டு வருஷம்னு. சாட்சியும் நீங்களே, கேக்கறவரும் நீங்களேன்னா, நாளைக்கு ஆடிட்ல..." முடிக்கவில்லை.

முடிக்க வேண்டிய அவசியமும் இல்லை. அப்பாவின் மண்டியில் எடையாள் ஒருவர் இருந்தார். அவருக்குச் சொந்தமாக ரெண்டு ஏக்கர் கடலை. அறுவடை ஆனால் அவர் மூட்டையை அங்கே இறக்கக் கூடாது. எதிர்த்த மண்டிக்குத்தான் கொண்டுபோக வேண்டும். அங்கே விலை கம்மி. ஒவ்வொரு வருஷமும் முணுமுணுத்துக்கொண்டே கொண்டுபோவார். சிறுவயதில் சக்கரபாணிக்கு அது அநியாயமாகத் தோன்றியிருக்கிறது. இப்போது அந்தக் கிழவரின் முணுமுணுப்பு காதுக்குள் கேட்டது.

பதினெட்டு ஆறு நூற்றெட்டு. ஒரு லட்சத்து எட்டாயிரம். அதை அவர் மனைவி சரசு எப்போதோ செலவு செய்துவிட்டாள், மனசுக்குள். முட்டி மடங்காத அவளுக்குப் பின்கட்டுக் கக்கூசில் உட்கார்ந்து எழுவது ஒவ்வொரு காலையும் ஒரு யுத்தம். மேடை வைத்த வெஸ்டர்ன் டாய்லெட், பிடித்து எழக் கம்பி, வழுக்காத டைல்ஸ். டைல்ஸின் நிறம்கூட முடிவாகியிருந்தது.

"யோவ் பாணி, ஒத்துக்காத!" வேடியப்பனுக்கு எப்படியோ விஷயம் புரிந்துவிட்டது. "எழுதினவனுக்கு இல்லன்னா எவனுக்கும் வேணாம். மறுபடி ரோட்டுல உக்காரலாம்!"

"உனக்கு எழுபத்தஞ்சு வயசு. உக்காந்தா எவன் தூக்கறது?" என்ற சக்கரபாணி அறிவுமதியின் பக்கம் திரும்பினார். "மனுவ வாபஸ் வாங்கிக்கறேன் மேடம். ஆனா ஒண்ணு. தருமனுக்கு அந்த லட்சுமி வருஷத்த சேத்துக் குடுத்துடணும். தொண்ணூத்தி மூணுல இருந்தான், தொண்ணூத்தஞ்சுல இருந்தான், நடுவுல ஒரு வருஷம் மாடு மேய்க்கவா போனான்? டோக்கன் இருக்குது. நான் பதினெட்டு உடறேன். நீங்க ஒண்ணு குடுங்க."

அறிவுமதி அவரையே பார்த்தாள். சிரிப்பா வேறொன்றா என்று சொல்ல முடியாத ஏதோ ஒன்று முகத்தில் வந்தது. பேனாவை அவரிடம் நீட்டினாள். "லட்சுமிய சேத்துக்கறேன் ஐயா."

வீட்டில் சரசு முழுக்கக் கேட்டாள். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அத்தினி பேருகிட்டயும் கையெழுத்து வாங்கினது நீங்கதான?"

"ஆமா."

"அப்ப சரி." சுவரைத் தடவிக்கொண்டே இரண்டடி போனவள் திரும்பினாள். "டைல்ஸ் மட்டும் அந்தப் பச்சை வேணாம்னு இருந்தேன். நல்லதாப் போச்சி."

ஐப்பசிக் கடைசியில் இருநூற்று மூன்று வங்கிக் கணக்கில் பணம் ஏறியது. ஜோதியம்மாளுக்கு ஒரு லட்சத்து இரண்டாயிரம். வட்டிக்கு வைத்திருந்த வீட்டுப் பத்திரத்தை அவள் மீட்டுக்கொண்டாள் என்று கேள்விப்பட்டபோது, சக்கரபாணி அன்றைக்கு இரண்டாவது காப்பி கேட்டு வாங்கிக் குடித்தார்.

தீபத்தன்று மத்தியானம் வாசலில் ஓர் ஆட்டோ நின்றது. வேடியப்பனும் ஜோதியம்மாளும் இறங்கினார்கள். அவர்களோடு அலுமினியக் கால் வைத்த, நடுவில் வட்டமாக ஓட்டை போட்ட, கைப்பிடியுள்ள நாற்காலி ஒன்றும் இறங்கியது.

"எங்க லாட்ஜில ஒரு ஜெர்மன்காரம்மா வருஷா வருஷம் வந்து தங்குவாங்கண்ணி," என்றாள் ஜோதியம்மாள் சரசுவிடம். "ஊருக்குப் போறப்ப உட்டுட்டுப் போயிட்டாங்க. ஓனரக் கேட்டு வாங்கிக்கினேன். வெந்நீர் ஊத்திக் கழுவிட்டேன். அப்படியே கக்கூஸ் மேல தூக்கி வெச்சா போதும். உக்காந்து பாருங்க."

சரசு அத்தனை பேர் முன்னாலும் புடவையைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தாள். கைப்பிடியைப் பிடித்து, யார் தயவும் இல்லாமல் எழுந்தாள். மறுபடி உட்கார்ந்தாள். "மகராசியா இருக்கட்டும் அந்தம்மா," என்றாள். யாரைச் சொன்னாள் என்று தெரியவில்லை. கண் ஜோதியம்மாள் மேல் இருந்தது.

வேடியப்பன் மடியிலிருந்து ஒரு துணிப்பையை எடுத்துச் சக்கரபாணியின் கையில் கொடுத்தார். உள்ளே நெய்க் காணிக்கை ரசீதுகள். இந்த வருஷத் தேதி. மேலே இருந்ததில் பெயர்: சக்கரபாணி, டைம் ஆபீஸ். அடுத்ததிலும் சக்கரபாணி, டைம் ஆபீஸ். அதற்கடுத்ததிலும்.

"நேத்திக்கி கவுன்டர்ல கேட்டான்யா," தெருவுக்கே கேட்கும்படி சொன்னார் வேடியப்பன். "யாருங்க இந்த சக்கரபாணி, எம்.எல்.ஏ.வான்னு. சிவன் கோயில்ல இத்தினி நெய்யும் பெருமாள் பேர்ல வருதேன்றான். எழுதுறா தம்பின்னேன். ஒவ்வொருத்தனும் தனித்தனியா நின்னு வாங்கினான். உன் பழக்கம்."

சக்கரபாணி எண்ணினார். விரலில் எச்சில் தொட்டு, மண்டியில் நோட்டு எண்ணுகிற மாதிரி. நடுவில் ஒருமுறை கண்ணாடியைக் கழற்றித் துடைத்ததால் எண்ணிக்கை தவறிப்போய் மறுபடி ஆரம்பித்தார். நூற்றுத் தொண்ணூற்றாறு. வராத ஏழு பேரில் ஒருவர் சர்ச்சுக்குப் போகிறவர். அவர் கேக் அனுப்பியிருந்தார். மற்ற ஆறு பேர் யார் என்று சக்கரபாணி கேட்கவில்லை. நிரூபணம் என்று பார்த்தால் இந்தக் காகிதங்கள் எதற்கும் ஆகாது. தேதியெல்லாம் இருபது வருஷம் பிந்திப்போயிருந்தது.

ஆறு மணிக்கு மொட்டை மாடியில் எல்லாரும் நின்றார்கள். மலைமேல் வெளிச்சம் எழுந்தது. ஊர் முழுக்க ஒரே குரலாக அரோகரா சத்தம் கிளம்பி அடங்கியது. சரசு கீழேயிருந்தே கும்பிட்டாள், நாற்காலியில் உட்கார்ந்தபடி. சக்கரபாணி சிவப்பு நோட்டைக் கொண்டுவரச் சொன்னார். அரசு முத்திரையோடு திரும்பி வந்திருந்த நோட்டு. கடைசிப் பக்கத்தில் பிள்ளையார் சுழி போட்டார். பிறகு, பற்று வரவு இரண்டையும் யோசித்து யோசித்து எழுதினார்.

அண்ணாமலையாருக்கு நான் கொடுத்தது, பதினெட்டு வருஷம், வருஷம் கால் கிலோ வீதம்: நாலரை கிலோ.

எனக்கு வந்தது, நூற்றுத் தொண்ணூற்றாறு ரசீது, தலைக்குக் கால் கிலோ வீதம்: நாற்பத்தொன்பது கிலோ.

நாற்காலி ஒன்று. கேக் ஒன்று. விலை போடவில்லை.

நான் தர வேண்டிய பாக்கி, நெய்யில் மட்டும்: நாற்பத்து நாலரை கிலோ.

கணக்கு முடிந்தால் அடியில் இரட்டைக் கோடு இழுப்பது மண்டி வழக்கம். அவர் இழுக்கவில்லை.